விளக்கு வைத்த பிறகு கேட்ட கேள்விகள்

உலகத்திலேயே சலிப்பு என்றால் என்னவென்று தெரியாத பெண்கள் சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஓரத்தில் வசிக்கிறார்கள் என்று ஒரு புதன்கிழமை காலை எனக்கு அறிவிக்கப்பட்டது.

அறிவித்தவர் ஹரி சார், எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர். அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கணினித் திரையை என் பக்கம் திருப்பி, பேரன் வாங்கிய பரிசைக் காட்டுவதுபோலக் காட்டினார். திரையில் ஒரு வரைபடம். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் எவ்வளவு நொந்துபோயிருக்கிறார்கள் என்று அளக்கும் கேள்வித்தாள் ஒன்று ஸ்காட்லாந்தில் தயாரானது. அது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. மற்ற ஊர்களின் கோடுகளெல்லாம் மேலே ஏறி நிற்க, சிந்தாதிரிப்பேட்டையின் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"பாத்தீங்களா மர்சலின்? ஃபியோனா ரொம்ப எக்ஸைட் ஆயிட்டாங்க. நம்ம குடும்ப அமைப்பு, பக்தி, அக்கம்பக்கத்து ஒத்தாசை... இதை வெச்சே தனியா ஒரு கட்டுரை எழுதலாம்ங்கிறாங்க."

ஃபியோனா அந்தக் கேள்வித்தாளைப் பெற்றெடுத்த அம்மையார். எடின்பரோவிலிருந்து வாரம் ஒருமுறை திரையில் தோன்றி எங்களைப் பார்த்துப் புன்னகைப்பார்.

"சார், நீங்க கூவம் ஓரத்துல எப்பவாவது நின்னு பாத்திருக்கீங்களா?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்றார்.

எனக்கு அப்போதே காது சூடாகிவிட்டது. இந்த வேலையில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. கேள்வித்தாளின் தமிழாக்கத்தை முன்னின்று நடத்தியவள் நான்தான். இருவர் தமிழாக்க வேண்டும், அதைப் பார்க்காத வேறு இருவர் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒரு குழு உட்கார்ந்து பேச வேண்டும். 'தோட்ட வேலைக்கு நேரம் கிடைக்கிறதா' என்ற கேள்விக்கு இங்கே ஈடாக எதைப் போடுவது என்று ஒரு மத்தியானம் முழுக்க சண்டை. மொட்டைமாடித் துளசித்தொட்டி போதும் என்றார் ஒருவர். கடைசியில் 'டிவி பார்க்க' என்று போட்டு, டீ ஆறிப்போய் எழுந்தோம். ஆகவே வார்த்தைகளில் பிசகு இருக்க வாய்ப்பில்லை. அதுதான் எரிச்சலே. பிசகு இருந்தால் திருத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

வெறும் கட்டுரை என்றால்கூட எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இந்தத் திட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டினால், அந்த வீட்டுக்குத் தினமும் காலையில் ஓர் ஆளை அனுப்புவோம். நோயாளியைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறூட்டிவிட்டுப் போவார். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நிறைய வீடுகள் தாண்டிவிட்டன. அங்கெல்லாம் காலையில் கிளினிக்குக்கு வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டோம். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வீடுகூடத் தாண்டவில்லை.

தேவானை வீடும் தாண்டவில்லை. பெயர் பதியும்போது நான் பார்த்த பெண் அவள். புருஷன் பெயின்டர். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செத்துப்போய்விட்டது. தேவானை விடியுமுன் கிளம்பித் தி.நகரில் ஒரு வீட்டிலும் மயிலாப்பூரில் ஒரு வீட்டிலும் சமைத்துவிட்டு, பொழுதுசாயத் திரும்புவாள். அதுவரை பக்கத்து வீட்டு செண்பகம்தான் அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். இப்போது செண்பகத்துக்கு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசாங்க வீடு ஒதுக்கிவிட்டார்கள். அவள் போய்விட்டால் புருஷனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். இதை அவள் என்னிடம் அன்றைக்கே சொன்னாள். அப்படிப்பட்டவளுக்குச் சலிப்பே இல்லையாம். கேட்டால் வரைபடம் சொல்கிறதாம்.

கேள்வி கேட்டுவந்தவள் லாவண்யா. மயிலாப்பூர்ப் பெண், கெட்டிக்காரி, பொய் எழுத மாட்டாள்.

"நான் அப்படியேதான் வாசிச்சேன் மேம். ஒரு எழுத்து மாத்தலை. அவாத்துல எல்லாரும் சிரிச்சுண்டேதான் பதில் சொன்னா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"சரி, அழாதே. இன்னிக்கு நானும் வரேன். மறுபடி ஒரு தடவை கேளு. நான் ஓரமா உக்காந்து பாக்கிறேன்."

கஸ்தூர்பா நகரில் பறக்கும் ரயிலேறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினோம். கலர்மீன் கடைகளைத் தாண்டி, ஆற்று வாடையைத் தாண்டி, தேவானையின் வாசலுக்குப் போனபோது அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள். அந்தப் பெண்கள் வீட்டில் இருப்பது அந்த நேரத்தில்தான். அதனால் எல்லா வீட்டுக்கும் அந்த நேரத்தையே நான் குறித்துக் கொடுத்திருந்தேன்.

"வா மேடம், உள்ள வா. இன்னா, மறுக்கா கேக்கணுமா?" என்று பாயைத் தட்டிப் போட்டாள். மணிக்கட்டில் பழந்துணியைச் சுற்றியிருந்தாள். புருஷனைத் தூக்கிப் புரட்டியதில் பிசகியதாம். அலமாரித் தட்டில் அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, திருநீறு எடுத்துக் கட்டிலில் கிடந்தவர் நெற்றியில் பூசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் பெயர் மண்ணாங்கட்டி. எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

லாவண்யா ஆரம்பித்தாள். "இவரைப் பார்த்துக்கொள்வதில் உங்களுக்குச் சலிப்பு வருகிறதா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்."

"அதெல்லாம் இல்லம்மா. இன்னா சலிப்பு? நல்லா கீறோம்."

"இனி என்னால் முடியாது என்று தோன்றியதுண்டா?"

"சேச்சே. ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல."

வாசலில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். ஓகோ, பக்கத்து வீட்டுக்காரி காதில் விழக்கூடாது என்று மறைக்கிறாள் போலும் என்று நினைத்து, செண்பகத்திடம் டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகும் அதே பதில்தான். கட்டிலில் இருப்பவருக்குக் கேட்கிறதே என்று தேவானையை வாசல்படிக்கு அழைத்துவந்து உட்காரவைத்தேன். அங்கேயும் அதேதான். நல்லா கீறோம், ஒரு குறையும் இல்லை. எனக்கு அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. மணிக்கட்டில் கட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம், வாயில் மட்டும் நல்லா கீறோம்!

கடைசிக் கேள்வி வந்தது. 'இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்ததுண்டா?'

லாவண்யா அந்தக் கேள்வியை வாசிக்கும்போது குரல் தானாக இறங்கியது. வாசித்து முடித்து, யாருக்கும் தெரியாத மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேவானை திரும்பி உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்தாள், சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மகராசனா கீறாரும்மா அவுரு. நூறு வயசு இருப்பாரு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் வீட்டில் அம்மா உயிரோடிருந்தவரை, மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்துவிட்டால் யாரும் 'இல்லை' என்றுகூடச் சொல்லக்கூடாது. வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோயிருந்தாலும் காலையில்தான் சொல்ல வேண்டும். தம்பியை ஒருமுறை நான் 'செத்துத் தொலை' என்று திட்டியதற்கு அம்மா வாயிலேயே அடித்தாள். அந்த நேரத்தில் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், வீட்டின்மேல் போய்க்கொண்டிருக்குமாம், காதில் விழுந்ததற்கெல்லாம் ஆமென் சொல்லிவிடுமாம். லாவண்யா வீட்டில் அதற்கு வேறு தேவதைகள் இருப்பார்கள். தேவானை வீட்டில் அம்மன். ஆனால் ஊர் முழுக்க ஒரே வழக்கம்தான். விளக்கு வைத்த பிறகு கெட்ட வார்த்தை, குறை, சாவு எதுவும் வாயில் வரக்கூடாது. சொன்னால் பலித்துவிடும். இவளோ, முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று மண்ணாங்கட்டி எனப் பெயர் வைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இவளிடம் போய், விளக்கை ஏற்றிவைத்த கையோடு, உன் புருஷன் கதை முடிந்தால் தேவலையா என்று கேட்கிறோம்.

நாங்கள் யாரும் இதைத் தெரியாதவர்கள் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததால்தான் எவருக்கும் தோன்றவில்லை. தோட்டத்துக்கும் டிவிக்கும் ஒரு மத்தியானம் மண்டையை உடைத்துக்கொண்ட குழுவில், எந்த நேரத்தில் கேட்கப் போகிறோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரயிலில் திரும்பும்போது என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

அடுத்த வாரம் திரையில் ஃபியோனா. நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டு, மிகவும் சுவாரஸ்யமாக இருக்கிறது என்றார். அப்புறம் ஒரு யோசனை சொன்னார். 'விளக்கேற்றிய பின் தீயவற்றைப் பேசக்கூடாது என்று நம்புகிறீர்களா?' என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்த்துவிடலாமே. முற்றிலும் மறுக்கிறேன் என்பதிலிருந்து முற்றிலும் ஏற்கிறேன் என்பதுவரை ஐந்து விடைகளோடு.

"அதையும் சாயங்காலமா கேக்கலாமா?" என்றேன். ஹரி சார் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

ஃபியோனாவுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. கேள்வி கேட்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கை அணைத்துவைக்க முடியாதா?

லாவண்யா "ஐயையோ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். அதை மொழிபெயர்க்கச் சொன்னார் ஃபியோனா. நான் மறுத்துவிட்டேன்.

ஒருவழியாக, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே வீடுகளில் மறுபடி கேட்க அனுமதி கிடைத்தது. அந்தப் பெண்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் காலையில் வீட்டில் இருக்க வாய்க்கும். எனக்கும் ஞாயிறு காலைதான் பூசை. எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், என்னுடையது. "ஆல்ட்டோ இல்லாம நான் எப்படி நடத்துறது மர்சலின்? உனக்கு ஆண்டவர் பெருசா, சர்வே பெருசா?" என்று குழுவை நடத்தும் பவுல்சாமி மாஸ்டர் போனில் கத்தினார். இந்த மாதம் சர்வேதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தேவானை தெருக்குழாயடியில் புருஷனின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. வீட்டுக்குள் டிவி சத்தமாக ஓடியது. நானே கேள்விகளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். முறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"இவரைப் பார்த்துக்கொள்வதில் உங்களுக்குச் சலிப்பு வருகிறதா?"

"இன்னா மேடம் கேக்குற நீ? ராவெல்லாம் தூக்கம் இல்ல. பொரட்டிப் பொரட்டிப் படுக்கவெக்கணும், இல்லாங்காட்டி முதுவுல புண்ணு வந்துடும். காலைல அங்க போயி அவங்களுக்குப் பூரி சுட்டுக்கினு கீறேன், இங்க இந்தாளு ஈரத்துல கெடக்குறாரு. எப்பவும்னு போட்டுக்கோ."

எல்லாக் கேள்விக்கும் எப்போதும், எப்போதும் என்றே வந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஒரு கேடுகெட்ட சந்தோஷமும் வந்தது. கோடு எழுந்து நிற்கப் போகிறது அல்லவா? கடைசிக் கேள்வியை நான் வாசித்ததும் அவள் போர்வையைப் பிழிவதை நிறுத்தினாள். டிவி சத்தம் வருகிறதா என்று ஒருமுறை வீட்டைப் பார்த்தாள்.

"நெதம் தோணுது. போய்ச் சேந்துட்டாருன்னா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னு. அப்பால உள்ள போயி அவுரு மூஞ்சியப் பாக்கசொல்ல, என்னையே செருப்பால அடிச்சுக்கணும்போல கீது." மூக்கைச் சிந்திக் குழாய்த் தண்ணீரில் கழுவினாள். "செண்பகம் வர்ற மாசம் போறா. ஆளு வந்துருமா மேடம்?"

"மார்க் நிறைய வந்திருக்கு தேவானை. கேட்டுட்டு நானே வந்து சொல்றேன்" என்றேன். அன்றைக்கு அதை மனதாரச் சொன்னேன்.

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். காலையில் கேட்டால் மடை திறந்ததுபோல் கொட்டினார்கள். இரண்டு வேளையும் ஒரே பதில் சொன்னவள் ஒரே ஒருத்தி. அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, பதிலை மகள் சொன்னாள், மகளும் டிவி பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி எடின்பரோவுக்கு அனுப்பிவிட்டு, கொட்டிவாக்கத்தில் கடலோரமாய்க் கொஞ்சம் நடந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஹரி சார் கூப்பிட்டபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"மர்சலின், டென்ஷன் ஆகாதீங்க. ஆரம்பத்துலேயே எழுதிவெச்ச விதி ஒண்ணு இருக்கு. ஒரே ஆள் ரெண்டு தடவை பதில் சொல்லி, ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா, அவங்க பதிலை நம்ப முடியாது. கணக்குலேர்ந்து எடுத்துடணும்."

"யாரை?"

"சிந்தாதிரிப்பேட்டை முழுக்க. அந்த ஒரு அம்மா நிக்கிறாங்க."

"காது கேக்காதவங்களா?"

"பதில் கன்சிஸ்டென்ட்டா இருக்கே."

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கீழே மருந்துக்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். உண்மையைச் சொன்னதற்காக ஒருத்தியைப் பொய்க்காரி என்று வெளியே தள்ளுகிறீர்களே, இதற்கா நான் பூசையை விட்டேன் என்றெல்லாம் சொன்னதாக லாவண்யா பிற்பாடு சொன்னாள். அன்று மாலையே ஃபியோனாவைத் திரையில் பிடித்தோம். அவர் உண்மையாகவே வருந்தினார். விதியை முடிவு வந்த பிறகு மாற்றினால் ஆராய்ச்சிக்கே மரியாதை இல்லை என்றார். அதுவும் நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டவர் யாராவது இருந்தால் சண்டை போட்டுத் தொலைக்கலாம். இங்கே எல்லோரும் நல்லவர்கள், தேவானைக்கு ஆள் மட்டும் கிடையாது.

"அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் ஹரி சார்.

"அது எப்போ?"

"அடுத்த வருஷம் நிதி வந்தா. இப்ப, அவங்ககிட்ட... நீங்களே போய்ச் சொல்லிடுங்களேன். உங்களைத்தான் அவங்களுக்குத் தெரியும்."

மறுநாள் மத்தியானமே கிளம்பினேன். வெளிச்சம் இருக்கும்போதே, வேலைக்குப் போன இடத்திலேயே அவளைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம். தி.நகர் வீட்டுக்குப் போனால், அவள் இன்று வரவில்லை என்றார்கள். மயிலாப்பூர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தால், மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்துச் சுற்றிச்சுற்றி விட்டார்கள். அங்கேயும் அவள் இல்லை. இன்று வேலைக்கே வரவில்லை, இப்படியே லீவு போட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிடுங்கள் என்றார் அந்த வீட்டம்மா. திரும்ப ரயிலேறி, கூட்டத்தில் நசுங்கி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கியபோது மீன்கடைகளில் விளக்கு போட்டுவிட்டார்கள்.

வழி நெடுக நான் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். 'தேவானை, ஆள் கிடைக்காது. தப்பு உன்மேல் இல்லை. தப்பு எங்கள்மேல்.' சுருக்கமாக, நேராக, மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும்.

செண்பகத்தின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. வாசலில் ஓர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தேவானையின் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் தீக்குச்சி உரசி, திரியில் வைத்து, அது பிடித்து நின்று எரியும்வரை கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து மண்ணாங்கட்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

தேவானை திரும்பினாள். "வா மேடம். இன்னிக்குத்தான் அவ போனா, நானும் வேலைக்குப் போவல. ஆளு இன்னா ஆச்சு? வருமா?"

நான் வாயைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. அம்மா வாயிலேயே அடித்தது ஞாபகம் வந்ததா, என்ன வந்தது என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் இந்த வீட்டில் இல்லை என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை.

"வரும் தேவானை. எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எரியும் விளக்கைப் பார்த்தாள். கோபப்படவில்லை. தீப்பெட்டியை அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பிசகிய மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்தபடி வாசல்வரை என்னோடு வந்தாள்.

"சரி மேடம்" என்றாள், உள்ளே கேட்காதபடி. "காலைல வந்து சொல்லு."